முப்பத்தோராம் திகதி

இரட்டைத் திகதி எனக்கு,
ஒற்றைத் திகதி நுஸ்லாவுக்கு.
உயிரியல் வளநூல் ஒன்றுதான்,
அதுவும் போட்டோக்கொப்பி.
பேப்பர் விலை ஏறின வருசம்
ஆளுக்குப் பாதிக் காசு போட்டு எடுத்தது.
சீமெந்துப் பேக்கின் உள்தாள்தான் அதற்கு உறை.

பாண்டிருப்பு முடிந்து மருதமுனை தொடங்கும் இடத்தில்
சைக்கிளில் இருந்தபடியே கைமாற்றுவோம்.
காலை ஆறேகால்.
"நீ சிந்தின பிளேன்ரீ
ஈரலில இன்னும் காயல்ல" என்பாள்.
நின்று சிரிக்க நேரமிருக்காது.

புத்தகம் இல்லாத நாள்
முதலில் வெறும் நாளாகத்தான் இருந்தது.
கரண்டும் போய்விட்ட ஓர் இரவு
நுளம்புத்திரிப் புகைக்குள் இருந்துகொண்டு
நேற்று வாசித்ததைச் சுவருக்குச் சொல்லிப் பார்த்தேன்.
நான்கு வரியில் நின்றுபோனது.
அந்தப் பக்கத்தை ஐந்து தரம் வாசித்தவள் நான்.
நான்கு வரி.

கரண்ட் வந்ததும் கோபத்தோடு
பழைய கலண்டர் தாளின் பின்பக்கம்
இதயத்தைக் கீறினேன்.
அறைகள் நான்கும் வந்தன.
வால்வுகள் இடம் மாறி நின்றன;
மாறியது அப்போது எனக்குத் தெரியாது.
விடிந்து புத்தகம் வந்ததும்
முதலில் திறந்தது அந்தப் பக்கத்தைத்தான்.
முக்கூர் வால்வு வலப்பக்கம்.
ஆறு மாதமாகிறது,
அது இன்னும் வலப்பக்கத்திலேயே இருக்கிறது.

பிறகு பஸ் டிக்கட்டின் பின்பக்கம்
கேள்விகள் வரத் தொடங்கின,
பக்கங்களுக்கு நடுவில் மடித்து.
"கலன்கோளத்துக்கு உள்ளே வரும் புன்னாடி அகலமா,
வெளியே போறதா? ஏன்?
யதுர்ஷிகா, பார்த்து எழுதினா எனக்கு விளங்கும்.
உன்ட கையெழுத்து அழகாகிடும்."
விடைக்குக் கீழே என் கேள்வியை வைத்து அனுப்புவேன்.
பிழை விட்டால் அவள் ஒன்றும் சொல்லமாட்டாள்;
நாலைந்து நாள் கழித்து
அதே கேள்வி வேறு உடுப்புப் போட்டுக்கொண்டு வரும்.

கட்டாரிலிருந்து அவளுடைய காக்கா காசு அனுப்பினார்.
அச்சுப் புத்தகம்! நாளங்கள் நீலத்திலும் நாடிகள் சிவப்பிலும்.
ஆளுக்கொரு புத்தகம்,
ஆளுக்கொரு ஹைலைட்டர்.
மூன்று கிழமையில் என் போட்டோக்கொப்பி
மஞ்சள் குளித்து முடிந்தது.
இரவு பன்னிரண்டு வரை வாசித்தேன்.
தெரியும், தெரியும் என்று
ஒவ்வொரு பக்கமும் தலையாட்டியது.

தவணைப் பரீட்சையில்
எனக்கு நாற்பத்தொன்று, அவளுக்கு நாற்பத்து நான்கு.
கண்ணுக்குத் தெரிந்த முகங்கள்தான் எல்லாம்;
பேனைக்கு ஒருவர் பெயரும் தெரியவில்லை.

கல்முனை ரியூசன் வாசலில்
நுஸ்லா அச்சுப் புத்தகத்தை என்னிடம் நீட்டினாள்.
"நாளைக்கு இரட்டைத் திகதி."
அவ்வளவுதான் பேச்சு.
போட்டோக்கொப்பியைப்
பெரியநீலாவணைப் பிள்ளைகள் இரண்டு பேருக்குக் கொடுத்துவிட்டோம்.
எந்த நாள் யாருக்கு என்று
அவர்கள் சண்டை பிடித்துக்கொள்ளட்டும்.

எங்களுக்குள் ஒரு சண்டை இன்னும் தீரவில்லை.
முப்பத்தொன்றும் ஒற்றை,
அடுத்து வரும் ஒன்றாம் திகதியும் ஒற்றை.
இரண்டு நாள் சேர்ந்தாற்போல் அவளுக்கு.
அநியாயம் என்றேன்.
"மாசக் கணக்கை நான் போடல்ல" என்றாள்.
அவளிடம் நான் சொல்லாத ஒன்று:
இரண்டு நாள் முகம் காணாத பாடத்தைத்தான்
தேடிப் பிடிக்கப் பெரும்பாடு,
பிடித்தது பிறகு ஓடுவதும் இல்லை.

இன்றைக்கு முப்பத்தொன்று.
அம்மாவுக்குத் தெரியாமல்
கலண்டரின் இந்த மாதத் தாளைக்
கொஞ்சம் முந்தியே கிழித்துத்
திருப்பிப் போட்டிருக்கிறேன்.
சிறுநீரகத்தி. படத்துடன். பார்க்காமல்.
என்லேயின் தடம் வரை வந்துவிட்டேன்.
அதற்கு அப்பால் ஏதோ ஒரு வளைவு இருந்தது,
பெயர் நாக்கின் நுனியில் நிற்கிறது.
புத்தகம் நாளை மறுநாள் ஆறேகாலுக்கு வரும்.
பேனையைக் கடித்தபடி
இருக்கிறேன்.