பதிமூணாம் நம்பர் ஸ்பேனர்

எஃப்.சி.க்கு இன்னும் மூன்று நாள்.
பந்தநல்லூரில் எங்கள் சந்து கொள்ளாமல்
வேலியை நெருக்கிக்கொண்டு நிற்கிறது லாரி.
ஆர்.சி. புத்தகத்தில் என் பெயர்.
கடன் பத்திரத்தில் என் பெயர்.
அடகுச் சீட்டிலும் நான்தான்.
ஓட்டுவது மட்டும் மதிவாணன்.

அவர் உள்ளே தூங்குகிறார்.
நேற்றும் விடிந்துதான் வந்தார்,
கூட்ஸ் ஷெட்டில் மூட்டை இறக்க ஆளில்லையாம்.
புடவையை ஏற்றிச் செருகிக்கொண்டு
மோட்டாரைப் போட்டேன்.

சூட்டோடு இஞ்சினில் தண்ணீர் அடிக்கக் கூடாது.
தொட்டுப் பார்த்தேன், ஆறவில்லை.
ஆறட்டும் என்று பாடிக்கு ஏறினேன்.
நவம்பர் தொடங்கிச் சுமந்த நெல்லெல்லாம்
பலகை இடுக்கில் கொஞ்சம் கொஞ்சம் தங்கிவிட்டது.
டெயில்போர்டு மூலையில் முளைத்தே விட்டது,
அரை விரல் உயரத்தில் நாலு நாற்று.
பொன்மணியாக இருக்கும்.
பிடுங்கி ஆட்டுக்குப் போட்டேன்.

பிறகு இஞ்சின்.
பேட்டரி முனைகளைக் கழற்ற வேண்டும், மைனஸ் முதலில்.
ஏர் ஃபில்டர் வாயைப் பாலிதீனால் கட்டி
ஆல்டர்னேட்டருக்கு உரச்சாக்கின் உள்பை.
டீசலைத் தொட்டுத் தொட்டுப் பழைய பிரஷ்ஷால் தேய்க்க
கிரீஸ் கன்னங்கரேலென்று வழிகிறது.
ரேடியேட்டர் செதில்களில்
தட்டானின் சிறகுகள், ஒரு வெட்டுக்கிளியின் கால்.
அது ஓடிய ராத்திரிகளின் கணக்கு.
எண்ணவில்லை.
ஆனாலும் நெல் வண்டிக்கு
இத்தனை ராத்திரி எதற்கு?

"அக்கா, அடியில நான் பாத்துக்கிறேன்"
என்றான் கிளீனர் சகாயம்.
டயர் கழுவச் சொன்னாலே
வயிற்றுவலி வந்துவிடும் பையன்.
அவன் கையிலிருந்து ஹோஸை வாங்கிக்கொண்டு
மல்லாந்து உள்ளே போனேன்.

சேசிஸ் சட்டத்தின் உள்மடிப்பில் தண்ணீரைத் திருப்பியதும்
கொட்டியது.
உமி இல்லை, தவிடு இல்லை.

இரண்டு அறைக்கு மேல் எழும்பாத வீடுதான்,
என்றாலும் கட்டியவள் நான்.
எம்-சாண்ட் என்றால் சாம்பல் நிறம், விரலைக் கீறும்.
இது உருள்கிறது, மினுங்குகிறது,
ஒரு சின்னச் சிப்பித் துண்டுகூட இருக்கிறது.
உள்ளங்கையில் ஈரமாக இருந்தது.
நான் அடித்த ஈரமா,
கொள்ளிடத்து ஈரமா,
எப்படிப் பிரித்துச் சொல்ல?

சகாயம் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
அதில் ஒன்றுமில்லை.

ஸ்டேஷன் பின்புறம் பிடித்துப் போட்ட வண்டிகள் நிற்கும்.
ஸ்டெப்னி போய், கண்ணாடி போய்,
ஸ்டியரிங் வரைக்கும் கோவைக்கொடி ஏறி.
கேஸ் கட்டில் ஓட்டுநர் பெயருக்குப் பக்கத்தில்
உரிமையாளர் என்று ஒரு கட்டம் இருக்கும்.
அதில் தையல்நாயகி, க/பெ மதிவாணன்
என்று எழுதினால் எப்படி இருக்கும்
என்று எழுதிப் பார்த்தேன், மனதுக்குள்,
ரைட்டரின் கோணல் கையெழுத்தில்.

கழுவக் கழுவப் போய்விடுகிறது.
அதுதான் தொல்லை.
வாசல் சரிவில் இறங்கி, சாக்கடை தாண்டி
மண்ணியாற்றுப் பக்கம் போகிறது.
போகட்டும்,
ஆற்று மணல் ஏதோ ஓர் ஆற்றுக்கு.

துடைக்க அவருடைய கரை வேட்டி,
நல்லதாகப் பார்த்தே எடுத்தேன்.
பஞ்சர் கடை ரஹ்மத்துல்லா
காற்றுக் குழாயை வேலி வரை நீட்டித் தந்தார்.
ஒயர் முடிச்சுகளில் அடித்ததும்
ஒளிந்திருந்த துளிகள் முகத்தில் தெறித்தன.
பானெட்டைத் திறந்துவைத்தேன் வெயிலுக்கு.
லாரி பளபளவென்று
ஒன்றும் தெரியாத முகமாக நின்றது.

ராத்திரி பத்தரைக்கு அவர் போன் அடித்தது.
"ம்... வர்றேன்... அணைக்கரையா?"
சட்டையை மாட்டிக்கொண்டு போனார்.
சாவி திருகும் சத்தம்.
மறுபடி.
மறுபடி.
"என்னடி இது, செத்துப் போய்க் கிடக்குது?"

"ஈரம் காயல" என்றேன்
பாயை விட்டு எழாமல்.
நெல்லுக்கென்றால் பதினேழு சதம் என்று
கருவி வைத்துச் சொல்வார்கள்.
லாரிக்கு
நான் சொல்வதுதான் கணக்கு.

டார்ச்சோடு டூல்ஸ் பெட்டியைக் கிளறுகிறார்.
வீல் ஸ்பேனர் இருக்கிறது, கட்டிங் பிளையர் இருக்கிறது,
எட்டும் பத்தும் பதினேழும் இருக்கின்றன.
என் இடுப்புச் செருகலில்
பதிமூணாம் நம்பர்
இன்னும் கொஞ்சம் டீசல் வாடையோடு.