தொண்ணூற்றெட்டு விழுக்காடு இருட்டு

பெட்டி நிரம்பிவிட்டது என்றான் தாவெட்.
எதனால் என்று கேட்டேன்.
இருட்டால் என்றான்.

பகடி இல்லை.
எங்கள் கூரைமேல் ஒரு கேமரா
பன்னிரண்டு ஆண்டுகளாக
ஹீயுமா தீவின் வானத்தை
ஓர் இரவு விடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது,
எரிகல் விழுமென்று.
விழுந்தவை முன்னூற்றுச் சொச்சம்.
மற்றதெல்லாம் சும்மா வானம்,
இமை கொட்டாமல் சேர்த்துவைத்த சும்மா.

கொஞ்சம் அழித்துவிடேன் என்றேன்.
ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து
அவன் அழித்தது
கேமராமேல் கடற்காகம் குந்தியிருந்த
பதினேழு நிமிடம்.
மறுநாள் அதையும்
குப்பைத்தொட்டியிலிருந்து எடுத்துவைத்துவிட்டான்.

புதிய வட்டுகள் நான்கும்
நான் டிக்கெட் கிழிக்கும் துறைக்கே
படகில் வந்து இறங்கின.
காரில் பக்கத்து இருக்கையில்
முட்டை அட்டையோடு சேர்த்துக் கட்டி
ஒவ்வொரு பள்ளத்துக்கும் மூச்சைப் பிடித்தபடி
வீடு வந்தேன்.
பழையவை நான்கு டெராபைட்,
இவை பதினாறு.
கையில் தூக்கினால் எடை ஏறக்குறைய ஒன்றே.
பெருத்ததெல்லாம் எங்கே போனது என்று
திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

ஒன்றை உருவி ஒன்றைச் செருகினால்
மற்ற மூன்றும் தமக்குள் கூட்டிக் கழித்து
போனதைப் புதியதில் எழுதிவைக்கும்,
ஒவ்வொன்றுக்கும் பத்தொன்பது மணி நேரம்,
அதற்குள் இன்னொன்று செத்தால்
எல்லாம் போச்சு.
இதைச் சொல்லிவிட்டுத்தான் அவன்
சாலைப் பனி வாரும் வண்டி ஓட்டப் போனான்.
காவல் என் தலையில்.

முதல் வட்டு. சரி.
இரண்டாவது. சரி.
இடம் மட்டும் ஒரு துளி கூடவில்லை.
போனில் கேட்டேன்.
"நாலும் பெரிசானால்தான் கூடும், ஹெல்யோ.
ஒன்று சிறிசாக இருக்கும்வரை
மற்றவையும் அதன் அளவுக்குத்தான்."
எங்கள் வீட்டுச் சொத்துப் பேச்சுகள்
ஏனோ ஞாபகம் வந்தன.

மூன்றாவது
அறுபத்தொன்றைத் தொட்டபோது
மிஞ்சியிருந்த கிழட்டு வட்டு
டிக் என்றது.
சற்று நேரம் ஒன்றுமில்லை.
டிக். டிக்.

சரக்கறையில்
ஊறவைத்த வெள்ளரி ஜாடிகளுக்கு நடுவே
முக்காலியை இழுத்துப்போட்டேன்.
வெளியே காற்று
ஜூனிப்பர் புதர்களை மயிரைப் பிடித்து உலுக்கியது.
ஒரு தரம் விளக்கு அணைந்து வந்தது,
மின்கலப் பெட்டி வீரிட்டு அடங்கியது.
கடவுளிடம் பேசி எனக்கு வெகுநாளாகிறது.
வட்டிடம் பேசினேன்:
இன்னும் ஏழரை மணி நேரம்.
அதற்கப்புறம் உன்னை யாரும் எழுப்பமாட்டோம்.

கேட்டதோ என்னவோ.
சுழன்றது.

ஐந்தாம் நாள் விடியலில்
தொண்ணூற்றெட்டு இருந்த இடத்தில்
இருபத்தைந்து இருந்தது.
மணி அடிக்கவில்லை, எதுவும் அசையவில்லை.
எண் மாறியது, அவ்வளவுதான்.

பனிச்சேறு அப்பிய காலணியோடு வந்து
தாவெட் பார்த்தான், சிரித்தான்,
பிறகு முகம் சுண்டிப்போனது.
"நாலு ராத்திரி பதிவாகவில்லையே."
நாலு ராத்திரியும் மேகம்,
ஒரு வெள்ளிகூடத் தெரியவில்லை என்றேன்.
"அந்த மேகம் நம்மிடம் இல்லை, பார்."

டிக் என்றதை மட்டும் நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.
அடுக்களைக் கதவு காற்றில் அடிக்காமல்
முட்டுக் கொடுத்திருக்கிறது.

படுக்கையில் கணக்குப் போட்டேன்.
ஆண்டுக்கு ஒரு டெராபைட் இருட்டு.
காலியிடம் முப்பத்தாறு.
அவனுக்கு இப்போது ஐம்பத்தொன்று.
நிரம்பும்போது எண்பத்தேழு
என்று அவன் முதுகிடம் சொன்னேன்.

"வட்டெல்லாம் அவ்வளவு நாள் தாங்காது,
ஆறேழு வருஷம் போனால் பெரிசு" என்றான்,
போர்வையை என் பக்கம் தள்ளிவிட்டு.

மேலே
மேகம் பதிவாகிக்கொண்டிருந்தது.