ஐஸ் பெட்டி

காஸ் முடிஞ்சு நாலு நாள்.
மேலறைக்காரி பால் தொடமாட்டாள்,
தேனும் வேண்டாமாம்,
தேனீக்குப் பாவமாம்.

சரி.
நஸ்ரினா தந்த பேரீச்சையில் கொட்டை கழற்றி
எள்ளு, வெயிலில் காய்ந்த பூசணி விதை,
கொக்கோ,
ஒரு சிட்டிகை நிலாவெளி உப்பு.
உரலில் போட்டு இடிச்சன்.
உலக்கை ஒட்டிக்கொண்டு வர மாட்டன் எண்டுது.
விரலை நக்கிப் பார்த்தன்,
பிறகு மற்ற விரலையும்.

உறைய வைக்கலாமெண்டால்
கரண்டும் போச்சு.

உப்புவெளிக் கரையில்
ஜெரோமின் ஐஸ் பெட்டி.
பாரைக்கும் சூரைக்கும் நடுவில்
டிபன் பெட்டியை மெல்ல இறக்கினன்.
அவன் சிரிச்சான், ஒண்டும் கேட்கேல்லை.

பின்னேரம் அவள் கடிச்சாள், கண்ணை மூடினாள்.
"இதில கடல் வாசம்!"

உப்பு, எண்டன்.

அந்தச் சூரையின் கண்
இன்னும் என்னைப் பார்க்குது.