பின்தண்டில் பத்தொன்பது

இருபத்துநாலு குதிரை என்று
ட்ரக்டரின் பொனற்றில் ஒட்டியிருக்கிறது.
பஞ்சிகாவத்தைக் கடையில் மிஹ்லார்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிச் சொன்னார்:
"அது எஞ்சினுக்குள்ள நிக்கிற குதிரை, மிஸ்.
பின்தண்டுக்கு வந்து சேர்றது பத்தொன்பது.
மிச்சம் அஞ்சும் வழியில தண்ணி குடிக்கப் போயிடும்."

அடிக்கு ஐந்து குதிரை, புல் தடிப்பென்றால்.
கல்குலேட்டரைத் தொடவில்லை அவர்.
பழைய பில்லின் பின்பக்கத்தில் எழுதினார்:
நாலடி.
அதுவும் மழைக்குப் பிறகென்றால்
முதலாம் கியரில், மெதுவாக.

அந்தத் துண்டைக் கோப்பில் குத்தி மேலே அனுப்பினேன்.
மேலிருந்து வந்தது ஆறடி வெட்டி.
அகலம் கூடினால் நேரம் மிச்சமென்று
ஏசி அறையில் யாரோ வகுத்துப் பார்த்திருக்கிறார்கள்.
வகுத்தல் சரி.

பழைய குதிரைப் பந்தயத் திடல்.
ஒக்டோபர் கடைசி, நாலு நாள் மழை விட்ட காலை.
புஷ்பநாதன் தண்டைக் கொழுவினான்,
பின்னைப் போட்டான், லிவரை இழுத்தான்.
ஒருமுறை இருமியது.
பிறகு கறுப்புப் புகை
மாரா மரத்துக் காகங்களையெல்லாம் எழுப்பிக்கொண்டு போனது.
ஐந்நூற்று நாற்பது சுற்றவேண்டிய தண்டு
முந்நூறில் மூச்சுத் திணறியது.
வேகம் விழுந்தால் கத்தி வெட்டாது,
தடவும்.
புல் படுத்துக்கொண்டது.
பார்க்க வடிவாய்த்தான் இருந்தது.
படமெடுத்து மேலே அனுப்பினார்கள்.

மறுநாள் வந்து பார்த்தால்
எழும்பி நிற்கிறது, ஒரு தாள் விடாமல்.

இங்கே ஒரு காலம்
இரத்தமும் வியர்வையுமான குதிரைகள் ஓடினவாம்.
ஓட்டுபவனையும் சேணத்தையும் சேர்த்துத்
தராசில் ஏற்றி, றாத்தல் பார்த்த பிறகுதான்
ஓடுபாதைக்கு விட்டிருப்பார்கள்.

இப்போது புஷ்பநாதன் ஒரு வழி கண்டிருக்கிறான்.
வெட்டிய தடத்தின்மேல் பாதியை ஏற்றி ஓட்டுகிறான்.
ஆறடி வெட்டி, மூன்றடிப் புல்.
மற்ற மூன்றடியில் காற்றை வெட்டுகிறது.
புகை இல்லை. காகங்களும் திரும்பிவிட்டன.
மத்தியானம் முடியவேண்டியது
பின்னேரம் ஐந்தரை ஆகிறது.
டீசல் புத்தகத்தில் நான் ஒப்பமிடுகிறேன்.

மாதக் கடைசியில்
என் சம்பளத் துண்டு வரும்.
மேலே ஒரு எண். கீழே ஒரு எண்.
மிஹ்லாரைக் கேட்க வேண்டும்,
இந்தக் குதிரைகள்
எந்தத் தொட்டியில் தண்ணி குடிக்கின்றன என்று.