இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

இந்தக் குளிர்காலத்தில் ஐந்து புத்தகங்கள்.
ஜெஸ்கஸ்கான் ரயிலின் மூன்றாம் பெட்டிப் பணிப்பெண் ஷோல்பான்
பயணிகள் மறந்துவிட்டுப் போனதைப் பொறுக்கி வைப்பாள்.
எங்கள் நிறுத்தத்தில் வண்டி நிற்பது நான்கு நிமிடம்.
ஒரு பை உலர்ந்த தயிர்க்கட்டிக்கு ஒரு புத்தகம்.
தடிமனானதென்றால் இரண்டு பை கேட்கிறாள்.

முதலாவதில் ஒரு டிராகன்.
பன்னிரண்டு ராஜ்யங்களை எரிக்கிறது, சரி.
அது என்ன தின்னும், எத்தனை நாளுக்கொருமுறை,
சாணத்தை யார் அள்ளுவது?
எழுநூறு பக்கத்தில் ஒரு வரி இல்லை.
நாற்பது ஆடு வைத்திருப்பவள் கேட்கிறேன்.

அடுத்ததில் ஒரு கப்பல்
முந்நூறு வருடம் இருட்டுக்குள் போகிறது.
தலைமுறை தலைமுறையாகப் பிறக்கிறார்கள்,
கலகம் செய்கிறார்கள், சாகிறார்கள்.
ஒருவருக்கும் பல்வலி வரவில்லை.
ஆனால் கடைசி மாலுமி
'ஜன்னல்' என்ற சொல்லை உச்சரித்துவிட்டு
அதன் பொருள் தெரியாமல் நின்ற இடத்தில்
என் அடுப்பில் பால் பொங்கி வழிந்து அணைந்தும்விட்டது.

மூன்றாவதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.
வாள் பேசுகிறது.
பேசிக்கொண்டே இருக்கிறது.
நான்காவதை இன்னும் திறக்கவில்லை.

நேற்று விடியுமுன் ராக்கெட் ஒன்று போனது,
தென்மேற்கிலிருந்து, வானத்தைக் கீறிக்கொண்டு.
ஆடுகள் தலை தூக்கவில்லை.
பெக்சுல்தான் மட்டும் வெளியே ஓடிவந்து
மோட்டார் சைக்கிளில் பெட்ரோல் இருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்தான்.
எப்போதோ விழுந்த தகடொன்று
அவன் கோழிக்கூண்டுக்குக் கூரை.
அதன்மேல் ஆலங்கட்டி விழும் சத்தம்தான்
விண்வெளி பற்றி நான் காதால் அறிந்தது.

ஐந்தாவதில்தான் அந்தப் பென்சில்.
செவ்வாயில் ஊர் கட்டும் கதை, சுமார்.
ஓரமெங்கும் பொடியெழுத்தில் யாரோ
எழுதியவரோடு மல்லுக்கு நிற்கிறார்:
'பொய்.'
'இந்தக் காற்றில் தீக்குச்சி பற்றாது.'
'இவனை நம்பாதே, வேரா.'
'என் அண்ணனும் கதவை இப்படித்தான் சாத்தினான்.'
இருநூற்றுப் பன்னிரண்டில்
'பொறு' என்று ஒற்றைச் சொல்.
அதற்குப் பின் ஓரங்கள் வெறும் வெள்ளை.

முனை ஒடிந்ததா? தூங்கிப்போனாரா?
வேராவை யார் காப்பாற்றினால் எனக்கென்ன?
செவ்வாய்க்காரர்கள் பிழைத்துவிட்டார்கள்;
அவர்கள் எப்போதும் பிழைத்துவிடுகிறார்கள்.
மீதி நூற்றுத் தொண்ணூறு பக்கமும் நான் தேடியது
அந்தப் பென்சில்காரரை.
நல்ல இடம் வரும்போதெல்லாம் ஓரத்தைப் பார்த்தேன்,
சிரிப்பதற்குத் துணை தேடுகிறவள் மாதிரி.

இன்று ஷோல்பானிடம் கேட்டேன்.
"கீழ்ப் படுக்கைக்காரர்," என்றாள் படியில் தொங்கியபடி,
"தூக்கத்திலிருந்து எழுந்து அவசரத்தில் இறங்கினார்,
காலில் ஒன்று அவருடைய செருப்பு,
மற்றது..."
வண்டி நகர்ந்துவிட்டது.

வியாழக்கிழமை திரும்பி வரும்.
எந்த ஊரில் என்று கேட்கவேண்டும்.
தயிர்க்கட்டி மூன்று பை காய்கிறது.