ஒரு சேர் குறைவு

கொம்பையா எழுதின நாடகம் மொத்தம் ஒம்பது.
எனக்குத் தெரியும்,
எல்லாத்துக்கும் சேர் வாடகைக்கு விட்டவன் நான்தான்.

மின்வாரியத்தில் மீட்டர் பார்க்கிற ஆள்.
சேரன்மாதேவியில் அவன் ஏறாத படி கிடையாது.
எந்த வீட்டிலும் மீட்டருக்குக் கீழேதான்
சண்டை நடக்குமாம்.
காதில் விழுந்ததை
பழைய வெள்ளை அட்டையின் பின்பக்கம்
குறித்துக்கொள்வான்.

என் நோட்டில் இருப்பது வேறு கணக்கு.

முதல் நாடகம், 'பவுன் எத்தனை':
போட்டது இருநூறு, நிறைந்தது நாற்பது,
அதிலும் பதினொன்று கரண்டு ஆபீஸ் ஆட்கள்.

'மணல் சலிப்பவள்' ஆடின ராத்திரி
முன்வரிசை முழுக்க லாரிக்காரர்கள்.
ஆத்தைக் காணோம் என்று அவள் கத்தக் கத்த
கை தட்டினார்கள்.
அதுதான் பயமாக இருந்தது.
விடிந்து பார்த்தால் மூணு சேருக்குக் கால் இல்லை.

'ஆயிரத்துக்கு எவ்வளவு' நடிக்க
முக்கூடலிலிருந்து பீடி சுற்றுகிறவர்கள் ஆறு பேர்.
அதில் மாலையம்மாள் என்று ஒருத்தி
செத்துக் கிடக்கிற காட்சியிலும்
விரல் மட்டும் இலையை உருட்டிக்கொண்டே இருந்தது.
சொல்லிக்கொடுத்ததில்லை என்றான் கொம்பையா.

'மணிக்கட்டு' பள்ளிக்கூடப் பையன்களின் கலர்க் கயிறு பற்றி.
ஹெட்மாஸ்டர் மைதானம் தரவில்லை.
ரைஸ்மில் களத்தில் நெல்லை ஒதுக்கிவிட்டு ஆடினார்கள்.
சேரே வேண்டாம் என்றுவிட்டான்,
யார் பக்கத்தில் யார் என்று பார்ப்பார்களாம்.
எனக்கு வாடகை போச்சே என்றிருந்தது.

நடுவில் நாலு நாடகம். மழை, தேர்தல், அனுமதி இல்லை,
ஒன்றுக்கு நான் பாதியில் தூங்கிவிட்டேன்.

ஒம்பதாவதுக்குப் பேரே சொல்லவில்லை.
"நூத்தம்பது போடுங்க அண்ணாச்சி,
மேடைக்குன்னு தனியா ஒண்ணு."

திரை விலகினால் ஒரு கடை.
ஒற்றைச் சேரை வைத்துக்கொண்டு
அடுக்கடுக்காய் நூறு சேர் இருப்பதுபோல்
தொட்டுத் தொட்டுக் காட்டுகிறான் கடைக்காரன்.
மகளுக்குக் காதுகுத்து என்று ஒருத்தன் வருகிறான்.
எந்தத் தெரு?
சொல்கிறான்.
"எல்லாம் வெளிய போயிருக்குவே."

அதை நான் சொன்னது
ஆவணி இருபத்திரண்டு, மத்தியானம்.
அந்நேரம் கடைச் சுவரில்
ஒருத்தன் ரீடிங் எடுத்துக்கொண்டிருந்தான்.
முதுகுதான் தெரிந்தது.

நடித்தவனுக்குத் தொப்பை இல்லை.
காதில் பேனா சொருகவில்லை.
என்னைப்போல் செருமவில்லை.
ஒன்றே ஒன்று செய்திருந்தாலும்
மேடையேறிச் சட்டையைப் பிடித்திருப்பேன்.
சும்மா ஒரு மனுஷன்,
நல்லவனாகக்கூடத் தெரிந்தான்.
கடைசியில் அந்தச் சேரில்
யாரும் உட்காராமலே
விளக்கை அணைத்துவிட்டார்கள்.

வண்டியில் ஏற்றும்போது எண்ணினேன்.
நூத்தம்பது சரி.
மேடைச் சேரைக் காணோம்.
"அது இன்னும் நாடகத்துல இருக்கு அண்ணாச்சி,
வாடகை எழுதிக்கிடுங்க."

நாளுக்கு எட்டு ரூபாய்.
எழுதிக்கொண்டுதான் வருகிறேன்.

போன வாரம் ரீடிங் எடுக்க வந்தான்.
ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.
அவன் தெருமுனை திரும்பியதும்
அட்டையைப் புரட்டிப் பார்த்தேன்.
பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

அந்தத் தெருவிலிருந்து
அதற்குப் பிறகு ஒருத்தரும் கேட்டு வரவில்லை.
வந்தால் என்ன சொல்வேன் என்று
எனக்கே நிச்சயமில்லை.

இன்றோடு ஆயிரத்து நூற்று நாலு ரூபாய்.