எட்டு

பாயா தெருபோங் அடுக்குமாடி, பதினேழாவது தளம்.
மேசை விசிறியைக் கணினியின் பக்கம் திருப்பிவிட்டு
வியர்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன்.

ஒரு புள்ளியை எடு.
எட்டாம் அடுக்குக்கு உயர்த்து.
புறப்பட்ட இடத்தை அதோடு கூட்டு.
வந்த விடையை மறுபடி உயர்த்து.
முடிவிலிக்கு ஓடிவிடாமல்
சுற்றிச்சுற்றி இங்கேயே கிடக்கும் புள்ளிகள்தாம்
உடம்பு.
ஓடியவை எல்லாம் பின்னணிக் கறுப்பு.

அண்ணன் சிங்கப்பூரில். அக்கா பெர்த்தில்.
எனக்கு பாயான் லெப்பாஸ் சில்லுத் தொழிற்சாலை,
பன்னிரண்டு மணிநேர ஷிப்ட்.

நிரல் எழுபத்தொரு வரி.
"இதை வைத்து என்ன செய்வாய்?" என்று
கேன்டீனில் துர்காஷினி கேட்டாள்.
சுழலவிடுவேன் என்றேன்.
வேறு பதில் தோன்றவில்லை.

திரையின் ஒவ்வொரு துளிக்கும் ஒரு கதிர் கிளம்புகிறது.
கண் தெரியாதவன் அறைக்குள் நடப்பதுபோல
கேட்டுக் கேட்டு நடக்கிறது:
மிகப் பக்கத்தில் இருப்பது எவ்வளவு தூரம்?
அவ்வளவு தூரம் போ, எங்கும் இடிக்காது.
மறுபடி கேள்.
எட்டு வைக்கிறது, எட்டு சிறுக்கிறது,
எட்டவில்லை.
ஆயிரத்தில் ஒன்றுக்கும் கீழே போனால்
தொட்டாயிற்று என்று எழுதிக்கொள் என
நான்தான் சொல்லிவைத்தேன்.
தொடவில்லை. பொழுது விடிவதற்காக ஒரு பொய்.

சட்டகத்துக்கு ஒன்பது நிமிடம்.
பத்து நொடிப் படத்துக்கு இருநூற்று நாற்பது சட்டகம்.
சனிக்கிழமை ஷிப்ட் முடிந்து வந்து பார்க்கிறேன்,
நூற்றுப் பதின்மூன்றாவதில்
கேமரா இடுக்குக்குள் நுழையும் இடத்தில்
முள்ளும் மொக்கும் செதிலும் காணோம்.
வெயிலில் வைத்த மெழுகுபோல
எல்லாம் வழவழவென்று.
பிழைச்செய்தி ஏதும் இல்லை.
வெளியே நின்று பார்த்தவரை போதுமாயிருந்த அந்த ஒன்று
உள்ளே வந்ததும்
ஒரு முழு மலைத்தொடரை விழுங்கியிருந்தது.

இரண்டு சுழியம் கூடச் சேர்த்தேன்.
சட்டகத்துக்குப் பதினான்கு நிமிடம்.
இந்த மாத மின்கட்டணத்தை நினைக்காமல்
ஓடவிட்டுத் தூங்கினேன்.

செவ்வாய் மாலை, மழை.
விசிறி ஏன் மூன்று நாளாக இரைகிறது என்று கேட்க வந்த
பக்கத்து வீட்டு ஹுய் லிங்
கறிபாப்பைக் கடித்தபடி வாசலிலேயே நின்றாள்.
திரையில் அது சுழன்றது:
பலாக்காய்க்குள் பவளம், பவளத்துக்குள் பலாக்காய்,
இடுக்கு, அதற்குள் இன்னும்,
பத்து நொடி.

காலிஃபிளவரா?
இல்லை.
உள்ளே என்ன?
ஓடிப்போகாதவை, என்றேன்.

விரலில் ஒட்டிய துகளைத் துடைத்துக்கொண்டாள்.
செக்காலி லாகி, என்றாள்.
இன்னொரு தடவை.

போட்டேன்.